நாவல் மரம் போட்ட மார்க்

பாகூர் ஏரி வாய்க்காலை ஒட்டியிருக்கும் கோவிந்தராஜின் அரிசி மில்லுக்குப் பின்னால் நிற்கும் நாவல் மரம், 2019ஆம் வருடம் மார்கழி மாதத்து ஒரு திங்கட்கிழமை, நாசிக்கிலிருந்து வந்த சிவப்பு ஒயின் ஒன்றுக்கு நூற்றுக்கு அறுபத்திரண்டு மார்க் போட்டது. அன்று பனி கொஞ்சம் அதிகம். மில்லில் நெல் அவிக்க அடுப்பு மூட்டியிருந்தார்கள். நாவல் மரம் ஆனி, ஆடியில்தான் பழுக்கும் என்பது எங்கள் கொம்யூன் பஞ்சாயத்தில் பள்ளிக்கூடம் போகாதவர்களுக்கும் தெரியும். ஆனாலும் மரத்தடியில் பழம் கிடந்தது. பெருக்கப் போன அம்மணி, கோவிந்தராஜின் மனைவி, துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டு எண்ணினாள். ஏன் எண்ணினாள் என்று பிற்பாடு பல பேர் கேட்டார்கள். மில்காரர் வீட்டில் கண்ணில் பட்டதை எண்ணிவிட்டுத்தான் அடுத்த வேலை பார்ப்பார்கள், வேறு காரணம் இல்லை. அறுபத்திரண்டு பழம். ஒன்றைக் கடித்துப் பார்த்தாள், கொட்டை இல்லை. இன்னொன்றிலும் இல்லை. காபி கொடுக்கும்போது இதைச் சொன்னாள். கோவிந்தராஜ் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். முதல் நாள், ஞாயிற்றுக்கிழமை, பாகூர் ஒயின் ரசனைக் கழகத்தில் அதே ஒயினுக்கு அவர் போட்ட மார்க்கும் அறுபத்திரண்டு.

கழகம் தொடங்கியது 2011இல். வில்லியனூரில் ஒயின் ஷாப் வைத்திருக்கும் செந்தில்நாதன் தன் கடையில் தூசி படிந்து கிடந்த பதினைந்து ஒயின் பாட்டிலை என்ன செய்வதென்று தெரியாமல் இருந்தார். எங்கள் பக்கத்தில் ஒயின் ஷாப் என்றால் பிராந்தியும் பீரும் விற்கும் கடை. உள்ளே போய் நிஜமாகவே ஒயின் கேட்டால் கடைக்காரர் ஒரு நிமிஷம் ஆளை ஏற இறங்கப் பார்ப்பார். செந்தில்நாதனுக்கு கோவிந்தராஜின் மூக்கு ஞாபகம் வந்தது. நெல் மூட்டையில் கை விட்டு ஒரு பிடி எடுத்து முகர்ந்தால் ஏம்பலத்து நெல்லா, பண்டசோழநல்லூர் நெல்லா, ஏரித் தண்ணீரில் விளைந்ததா, போர்த் தண்ணீரா, அறுத்த பிறகு எத்தனை நாள் மழையில் கிடந்தது என்று சொல்லக்கூடிய மூக்கு அது. அந்த மூக்கை நம்பி நாலு கொம்யூன் விவசாயிகள் வண்டி கட்டி வந்தார்கள். பாட்டிலைத் திறந்து கொடுத்ததும் கோவிந்தராஜ் முகர்ந்தார், வாயில் விட்டுக் கொப்பளித்தார், இது வெயிலுக்குப் பயந்து ஒரு வாரம் முன்னாலேயே பறித்த பழம் என்றார். செந்தில்நாதன் கம்பெனிக்குப் போன் போட்டுக் கேட்டார். எட்டு நாள் என்றார்கள்.

அப்புறம் ஆள் சேர்வதற்கு நாளாகவில்லை. ஏம்பலத்தில் இருபது காணி கரும்பு வைத்திருக்கும் குழந்தைவேல் வந்தார். சுப்புராயன் வந்தார். அவருடைய அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கிய சொல்தா. அதனால் சட்டதிட்டம் எழுதும் உரிமை தனக்குத்தான் என்று சுப்புராயன் நினைத்தார், மற்றவர்களும் எழுதிவிட்டுப் போகட்டும் என்று விட்டார்கள். மாதம் இரண்டாவது ஞாயிறு, காலை பதினோரு மணி, மில் ஆபீஸ் அறை, ஒரே ஒரு ஒயின். இது முதல் விதி. நூற்றுக்கு மார்க், முப்பத்தைந்து எடுத்தால் பாஸ். இது இரண்டாவது. வெளிநாட்டில் எந்த ஒயினுக்கும் ஐம்பதுக்குக் கீழே போட மாட்டார்களாம் என்று செந்தில்நாதன் சொன்னபோது, பரீட்சைக்கு வந்து உட்கார்ந்ததற்கே ஐம்பதா என்று குழந்தைவேல் கோபப்பட்டார். பெயிலான ஒயினுக்கு ஆறு மாதம் கழித்து மறுதேர்வு உண்டு. மூன்றாவது விதிதான் முக்கியம்: வாயில் வைத்துப் பார்த்துவிட்டுத் துப்ப வேண்டும், விழுங்கியவர் மார்க் செல்லாது. துப்புவதற்கு, வெற்றிலை போட்ட காலத்தில் கோவிந்தராஜின் அப்பா வைத்திருந்த பித்தளைப் படிக்கம் பரணிலிருந்து இறங்கியது. வாய் சுத்தம் பண்ண மில்லிலேயே பொரித்த பொரி. பொரியை அம்மணி கதவுக்கு வெளியே நின்று கொடுப்பாள்.

வேறு ஊராக இருந்தால் படிக்கத்தில் சேர்ந்ததைச் சாக்கடையில் கொட்டியிருப்பார்கள். வாய்க்கால் தண்ணீரையே முறை போட்டுப் பாய்ச்சுகிறவர் குழந்தைவேல். திராட்சைச் சாற்றைக் கொண்டுபோய் சாக்கடையில் விட அவருக்கு மனசு வரவில்லை. முதல் கூட்டம் முடிந்ததுமே படிக்கத்தைத் தூக்கிக்கொண்டு போய் நாவல் மரத்து வேரில் ஊற்றினார். அதுவே பழக்கமாகிவிட்டது. எட்டு வருடம், மாதம் தவறாமல், ஏழெட்டுப் பேர் ருசி பார்த்துத் துப்பிய ஒயினை அந்த மரம் குடித்தது. ஒன்பதாவது வருடம் மார்க் போட ஆரம்பித்தது.

கோவிந்தராஜ் இதை உடனே யாரிடமும் சொல்லவில்லை. நெல்லை ஒரு தரம் பார்த்து விலை சொல்கிறவர் இல்லை அவர், மூன்று தரம் பார்ப்பார். மரத்தையும் பார்த்தார். தை மாதம் அவர் போட்டது எழுபத்தெட்டு, மரம் எழுபத்தெட்டு. மாசியில் பாரிஸிலிருந்து லீவில் வந்த சொந்தக்காரர் ஒருவர் பெட்டியில் துணி சுற்றிக் கொண்டுவந்த பாட்டிலுக்கு, கொண்டுவந்தவர் எதிரிலேயே உட்கார்ந்திருந்ததால், கோவிந்தராஜ் தொண்ணூற்றிரண்டு போட்டார். மறுநாள் காலை எழுபத்தொரு பழம் கிடந்தது. மிச்சமிருந்ததைத் தனியாக உட்கார்ந்து மறுபடி ருசித்துப் பார்த்தார். எழுபத்தொன்றுதான். அன்றிலிருந்து அந்த மரத்தின்மேல் அவருக்கு ஒரு மரியாதை வந்துவிட்டது. குழாய்த் தண்ணீரைக் கொப்பளித்து வேரில் துப்பிப் பார்த்தார், பதினொன்று. பெயில். வாயில் படாமல் நேராக பாட்டிலிலிருந்து ஊற்றினால் மரம் எதுவும் போடாது என்பதையும் தெரிந்துகொண்டார்.

2021இல் வந்த காய்ச்சல் ஊரில் எல்லாருக்கும் வந்ததுதான். பத்து நாளில் எழுந்து மில்லுக்கு வந்த கோவிந்தராஜ், நெல் மூட்டைக்குள் முகத்தைப் புதைத்தார். ஒன்றும் வரவில்லை. அவிந்த நெல்லின் ஆவிக்குப் பக்கத்தில் போய் நின்றார், வெறும் சூடு மட்டும் தெரிந்தது. ஒரு மாதத்தில் வந்துவிடும் என்றார் டாக்டர், பிறகு ஆறு மாதம் என்றார், பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து கோவிந்தராஜ் அழுதார். ஐம்பத்தெட்டு வயது மனிதருக்கு ஊரில் இருந்த பெயர் முழுவதும் மூக்கில் இருந்தது. நெல்லுக்கு ஈரப்பதம் பார்க்கும் மிஷின் வாங்கி வைத்துக்கொண்டு, காலம் மாறிவிட்டது, இனி எல்லாம் மிஷின்தான் என்று விவசாயிகளிடம் சொல்லிச் சமாளித்தார். ஒயினுக்கு அப்படி ஒரு மிஷின் கிடையாது. அதற்கு அவரிடம் மரம் இருந்தது. கூட்டத்துக்கு முந்தின நாள், சனிக்கிழமை காலையில், அதே ஒயினில் ஒரு பாட்டிலைத் திறந்து ஒரு வாய் கொப்பளித்து வேரில் துப்புவார். ஞாயிறு விடியற்காலை அம்மணி பழத்தை எண்ணிச் சொல்வாள். பதினோரு மணிக்கு அந்த எண்ணைக் கழகத்தில் சொல்வார். கூடவே நாலு வார்த்தை சொல்லியாக வேண்டுமே, அதை, மூக்கு இருந்த காலத்தில் எழுதி வைத்த பழைய நோட்டிலிருந்து எடுத்துக்கொண்டார்.

அம்மணிக்கு வேலை கூடியது. மற்ற மாதங்களில் எண்ணினால் போதும். ஆனி, ஆடியில் மரத்தின் சொந்தப் பழமும் சேர்ந்து விழும், கொட்டை இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கடித்துப் பார்த்தால்தான் எது மார்க், எது பழம் என்று பிரிக்க முடியும். கடித்ததைத் துப்ப அவளுக்கு மனம் வரவில்லை. அப்படிப் பழகி, மற்ற மாதங்களிலும் கூடையில் விழுவதைச் சாப்பிட ஆரம்பித்தாள். போதை ஒன்றும் ஏறவில்லை. மூன்று வருடம், பன்னிரண்டு மாதமும் அவள் நாக்கு ஊதா நிறத்தில் இருந்தது. யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

வெளியில் கழகத்தின் பெயர் வளர்ந்துகொண்டே போனது. டவுனில் கடற்கரைப் பக்கத்து ஓட்டல்கள் போன் போட்டு, பாகூரில் எத்தனை போட்டார்கள் என்று கேட்டுவிட்டுத்தான் பெட்டி இறக்கின. மரம் பொய் சொல்லாது. அதனால் கோவிந்தராஜின் எண் மூக்கு இருந்த காலத்தைவிட மூக்கு போன பிறகு இன்னும் துல்லியமாக இருந்தது. சொந்தக்காரர் எதிரில் உட்கார்ந்தாலும் இப்போது அவரால் கூட்டிப் போட முடியாதல்லவா. ஆனால் ஒவ்வொரு இரண்டாவது ஞாயிறும் கிளாஸை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோகும்போது, இன்றைக்குப் பிடிபட்டுவிடுவோம் என்று எல்லார் முகத்தையும் ஒரு தரம் பார்த்துக்கொள்வார். கழகத்தின் தலைமை நாற்காலியை விட்டு இறங்கினால் தான் யார் என்பது அவருக்கே தெரியவில்லை.

2023இல் செந்தில்நாதனின் மகள் ப்ரீத்தி பெங்களூரிலிருந்து திரும்பி வந்தாள். அங்கே ஒரு ஒயின் கம்பெனியில் வேலை பார்த்து, ருசி பார்ப்பதற்கென்று லண்டன்காரர்கள் நடத்தும் பரீட்சையில் இரண்டு படி தாண்டியிருந்தாள். மூன்றாவது படிக்கு வீட்டில் இருந்து படிக்கிறாள், கூடவே கடையையும் பார்த்துக்கொள்கிறாள். கழகத்தில் அவளைச் சேர்த்துக்கொண்டார்கள். ஒரு வருடம் அவள் பேசாமல் கேட்டாள். கோவிந்தராஜ் மாமா சொல்லும் எண் அவள் மனதில் நினைத்த எண்ணோடு ஒட்டி நிற்கும். அவர் சொல்லும் வார்த்தைகள்தான் எங்கேயோ போகும். எழுதி வைத்துப் பார்த்தாள். மொத்தம் பதினோரு வார்த்தைகள்தான் சுற்றிச் சுற்றி வந்தன. வயதானவர், பழக்கமாக இருக்கும் என்று விட்டுவிட்டாள்.

2024 ஆவணியில் வந்தது தென்னாப்பிரிக்க வெள்ளை ஒயின். சனிக்கிழமை திறந்த பாட்டிலுக்கு மரம் எண்பத்தெட்டு போட்டிருந்தது. நல்ல மார்க். கோவிந்தராஜ் பழைய நோட்டில் தேடி, நல்ல வார்த்தைகளாக எடுத்து வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை திறந்தது அதே ஒயினின் வேறு பாட்டில். கிளாஸைச் சுழற்றினார், ஆழமாக மூச்சை இழுத்தார், கண்ணை மூடினார். பலாச்சுளை, தேன், மழை விட்ட பிறகு மல்லிப் பந்தல், எண்பத்தெட்டு என்றார். குழந்தைவேல் முகர்ந்தார். தூக்கிவாரிப் போட்டது. ஆனால் பதிமூன்று வருடமாக அந்த மூக்கு தப்பியதில்லை, தப்பு தன் மூக்கில்தான் என்று முடிவு செய்து, ஆமாம், பலாதான், நல்ல பலா என்றார். சுப்புராயன் தேன் தெரிகிறது என்றார். செந்தில்நாதனுக்கு மல்லிகூட வந்துவிட்டது. எல்லாரும் எண்பத்தெட்டு என்று எழுதினார்கள்.

ப்ரீத்தி எழுதவில்லை. இரண்டு தரம் முகர்ந்துவிட்டுத் தயங்கிச் சொன்னாள்.

"மாமா, எனக்கு ஈரச் சாக்கு வாசனைதான் வருது."

அறையில் எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். செந்தில்நாதனுக்கு வெட்கமாகப் போய்விட்டது. புத்தகம் படித்து வருவது வேறு, அனுபவம் வேறு, இன்னொரு தரம் பாரும்மா என்றார். அவள் பார்த்தாள். மறுபடி பார்த்தாள். பொரி மென்று, தண்ணீர் குடித்து, மறுபடி பார்த்தாள். அவள் முகம் மாறிக்கொண்டே போவதை கோவிந்தராஜ் கவனித்தார். தன் மூக்கு தன்னிடம் பொய் சொல்கிறதோ என்று ஒருவர் முதல் தடவை பயப்படும்போது முகம் எப்படி ஆகும் என்று அவருக்குத் தெரியும். அந்த முகத்தோடு அவர் மூன்று வருடம் இருந்திருக்கிறார். அவள் பேனாவை எடுத்தாள். பலா என்று எழுதப் போகிறாள். இரண்டு மாதத்தில் பரீட்சை, இனி எந்த கிளாஸை எடுத்தாலும் அவள் தன் மூக்கை நம்ப மாட்டாள். ஒரு நிமிஷம் வாயை மூடிக்கொண்டிருந்தால் நாற்காலி தங்கிவிடும் என்பதும் கோவிந்தராஜுக்குத் தெரிந்தேதான் இருந்தது.

"எழுதாத ப்ரீத்தி," என்றார். "நீ சொல்றதுதான் இருக்கும். எனக்கு மூக்கு செத்து மூணு வருஷமாச்சி. மார்க்கு போடறது நான் இல்ல, பின்னாடி இருக்கிற நாவ மரம்."

சொல்லிவிட்டு, எழுந்து, நாற்காலியைப் பின்னால் தள்ளி வைத்தார். யாரும் சிரிக்கவில்லை. சுப்புராயன் சட்டதிட்ட நோட்டைப் புரட்டினார். மரம் மார்க் போடுவதைப் பற்றி அவருக்கு ஆட்சேபணை இல்லை, அதைத் தடுக்கும் விதி எதையும் அவர் எழுதியிருக்கவில்லை. மூன்றாவது விதிதான் உதைத்தது. மரம் துப்புவதில்லை, மூன்று வருடமாக எல்லாவற்றையும் விழுங்கியிருக்கிறது, ஆகவே அந்த மூன்று வருடத்து மார்க் எதுவும் செல்லாது என்றார். குழந்தைவேலுக்குக் கோபம் வந்தது. வேர் வாய் ஆகாது, அப்படிப் பார்த்தால் தன் கரும்பெல்லாம் வாய்க்காலைக் குடிக்கிறதா என்று கேட்டார். முக்கால் மணி நேரம் பேசினார்கள். கடைசியில் மூன்றாவது விதி தொண்டை உள்ளவர்களுக்கு மட்டும் என்று திருத்தி, எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். கோவிந்தராஜும் போட்டார். மூக்கு உள்ளவர்தான் தலைமை நாற்காலியில் உட்கார வேண்டும் என்று அவரே சொன்னபோது யாரும் மறுத்துப் பேசவில்லை. அவர்களுக்கு அவர்மேல் பாசம் உண்டு, ஆனால் விதி விதிதான். அது அவருக்கு வலித்தது. வலித்தாலும் அன்று மத்தியானம் அவர் நன்றாகத் தூங்கினார்.

சந்தேகம் தீர, கெட்ட பாட்டிலை எல்லாரும் ஒரு வாய் பார்த்துப் படிக்கத்தில் துப்பி வேரில் ஊற்றிவிட்டுப் போயிருந்தார்கள். திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு அத்தனை பேரும் மில்லுக்குப் பின்னால் வந்து நின்றார்கள். ஒன்பது பழம் கிடந்தது. செந்தில்நாதன் எண்ணினார், சுப்புராயன் எண்ணினார், ஒன்பதுதான். ஒரே ஒயினுக்கு நேற்று எண்பத்தெட்டு, இன்றைக்கு ஒன்பதா என்று குழந்தைவேல் தலையைச் சொறிந்தார். அம்மணி குனிந்து ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். மெதுவாக மென்றாள்.

"சாக்குதான்," என்றாள். "மழைல நனைஞ்சி மூலைல போட்டு வெச்ச சாக்கு. ஆனா அதுக்குக் கீழ நேத்து பழத்துல இருந்த பலாச்சுள அப்படியே இருக்குது. மேல மூடி போட்டு அமுக்கினாப்ல."

சில பாட்டிலில் தக்கை கெட்டுப்போனால் இந்த வாசனை வரும், ஒயின் நல்லதுதான், தக்கைதான் அதை அமுக்கிவிட்டது, புத்தகத்தில் அரைப் பக்கத்துக்கு எழுதியிருப்பதும் இதைத்தான் என்றாள் ப்ரீத்தி. பிறகு சோதிப்பது போல இல்லாமல், உண்மையாகவே தெரிந்துகொள்ளும் ஆசையில், ஆடி மாதத்து இத்தாலி ஒயின் எப்படி இருந்தது அத்தை என்று கேட்டாள். வெயில் ஏறும்போது கரும்புத் தோகை எரித்த வாசனை, உள்ளே கொஞ்சம் எலுமிச்சை ஊறுகாய் என்றாள் அம்மணி. சித்திரையில் வந்தது பள்ளிக்கூடத்துப் பென்சில் டப்பா. போன வருடம் தீபாவளிக்கு வந்ததில் அவசரம் இருந்தது, அதைச் செய்தவருக்கு வீட்டில் ஏதோ சண்டை. மூன்று வருடத்து முப்பத்தாறு ஒயினும் அவளிடம் வரிசையாக இருந்தது. இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கோவிந்தராஜ் கேட்டார்.

"எவ்ளோன்னுதான கேட்டிங்க," என்றாள் அம்மணி. "இன்னா ருசின்னு யாரு கேட்டிங்க?"

கோவிந்தராஜ் கூடையை வாங்கித் தானே தூக்கிக்கொண்டு உள்ளே போனார்.

இப்போது கழகம் முன்னைப் போலவே நடக்கிறது. எண் மரத்தினுடையது, வார்த்தை அம்மணியுடையது, கையெழுத்து கோவிந்தராஜுடையது. தலைமை நாற்காலி தனக்கு உயரம் என்று அம்மணி நெல் மூட்டைமேல் உட்கார்ந்து சொல்கிறாள். நாற்காலியில் படிக்கம் இருக்கிறது. பொரியைக் கோவிந்தராஜ் கொடுக்கிறார். இனிப்பு ஒயின்தான் உசத்தி என்று சாதிக்கும் குழந்தைவேல் தனக்குப் பிடித்த ஒன்றை மரத்துக்குக் கொடுத்துப் பார்த்தார். முப்பத்தொன்று, பெயில். கரும்பு ஊரில் இருந்துகொண்டு இனிப்பை ஒரு மரம் பெயிலாக்குவதா என்று மறுமதிப்பீடு கேட்டார். முப்பது வந்தது. ப்ரீத்தி பரீட்சையில் தேறிவிட்டாள். விவசாய ஆபீஸிலிருந்து ஒருவர் வந்து மரத்தைச் சுற்றிப் பார்த்து, வேப்பம் புண்ணாக்கு வைக்கச் சொல்லிவிட்டுப் போனார். வைத்தார்கள். மரத்தின் மார்க்கில் அதனால் மாற்றம் எதுவும் இல்லை.

கோவிந்தராஜுக்கு மூக்கு திரும்பவில்லை. ஆனால் ஒரு பழக்கம் வந்தது. காலையில் மரத்தடியில் இருவரும் பழம் பொறுக்கும்போது, இன்னா வாசனை வருது அம்மணி என்று கேட்பார். நெல் அவிவது, ஏரிக்கரைச் சேறு, யார் வீட்டிலோ கருவாடு, நாளைக்கு மழை என்று அவள் சொல்லிக்கொண்டே வருவாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். போன தை மாதம் ஒரு நாள், வெகு நேரம் யோசித்து வைத்திருந்த மாதிரி, தன்மேல் என்ன வாசனை வருகிறது என்று கேட்டார். அம்மணி கூடையை வைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து, ப்ரீத்தி கிளாஸை முகர்வது போல இரண்டு தரம் முகர்ந்தாள்.

"புழுங்க நெல்லு. சந்தன சோப்பு. மூணு வருஷமா ஒரு பயத்து வாசன இருந்துச்சி, அது போய்டுச்சி."

எத்தனை மார்க் என்று கேட்டார். அதை மரத்தைக் கேளுங்கள் என்றாள். கோவிந்தராஜ் குழாயடிக்குப் போய் பல் விளக்கி, வெறும் தண்ணீரை வாய் நிறைய எடுத்துக்கொண்டு வந்து வேரில் கொப்பளித்தார். மறுநாள் காலை அம்மணி முந்திக்கொண்டு எழுந்து போய்ப் பழங்களைப் பொறுக்கி எண்ணினாள். பிறகு மரத்தடியிலேயே உட்கார்ந்து ஒன்று விடாமல் தானே சாப்பிட்டாள். கோவிந்தராஜ் வந்தபோது கூடை காலியாக இருந்தது. எத்தனை என்று கேட்டார்.

"பாஸ்," என்றாள் அம்மணி. அவள் நாக்கு ஊதா நிறத்தில் இருந்தது. இருவரும் காபி குடிக்க உள்ளே போனார்கள்.